மாமியார் மிதித்த கிளட்ச்

ஆண்பிள்ளைகள் ஒரு வேலையைப் பற்றி "நானே பண்ணிக்கிறேன்" என்று சொன்னால், சுற்றியிருப்பவர்கள் உடனே பஸ் நேரம் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து வீட்டுக் கெலேபி தன் வேனுக்குத் தானே கிளட்ச் மாற்றப் போவதாகச் சொன்னபோது நான் அதைத்தான் செய்தேன். முட்டியிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு பஸ்ஸில் ஏற முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. மார்க்கெட் வாசலில் வழுக்கி விழுந்து இடது காலை உடைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

கெலேபியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் தீவு நாட்டில், இந்த நவுசோரி ஊரில் அவனைப் போல் பக்கத்து வீட்டுக்காரன் கிடைக்க மாட்டான். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவான். பிறகு சேப்பங்கிழங்குக் கட்டுகளோடு மார்க்கெட் பெண்களை ஏற்றுவான். அந்தப் பழைய ஜப்பான் வேன்தான் அவன் பிழைப்பு. அதன் கிளட்ச் தேய்ந்து போய், மேட்டில் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. கராஜில் அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம்வரை இவனால் பொறுக்க முடியவில்லை.

கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். கராஜில் அதற்கு ஜாக்கி உண்டு. எங்கள் தெருவில் ரக்பி அணியின் முன்வரிசை உண்டு. அந்தத் தடியன்கள் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கியர்பாக்ஸை நெஞ்சில் வாங்கி, மைதானத்தில் முட்டித் தள்ளுகிற மாதிரியே "ஹே" என்று சேர்ந்து தூக்கினார்கள். ஓரமாக மரச்சட்டியில் யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்து வைத்திருந்தார்கள். ஒரு போல்ட் ஏறினால் ஆளுக்கு ஒரு சிரட்டை, கூடவே கைதட்டல். யங்கோனா குடித்தால் முதலில் நாக்கு மரக்கும், பிறகு அவசரம் என்ற எண்ணமே மரத்துப்போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவியைத் திருப்பினான், என்ஜின் ஓடியது, எல்லோரும் கைதட்டினார்கள். கியர் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தோன்றியது. கெலேபி ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தான். அது செத்த தவளை மாதிரி கீழே போய் அப்படியே கிடந்தது. கியரைத் தள்ளினான். கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. என் வீட்டுக் கோழிகள் வேலியைத் தாண்டி ஓடின.

வேறு ஒரு நாளாக இருந்தால் நான் சிரித்துவிட்டு உள்ளே போயிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. கெலேபியின் மாமியார் வாசேமதா சாயங்காலக் கப்பலைப் பிடித்தாக வேண்டும்.

வாசேமதாவின் ஊர் கடல் தாண்டி லாவ் பக்கம் ஒரு சின்னத் தீவு. மாதத்துக்கு ஒரு கப்பல்தான் அங்கே போகும். அந்தத் தீவில் புதுக் கிறிஸ்தவக் கோயில் கட்டி முடித்திருந்தார்கள். வருகிற வாரம் திறப்பு. கோயில் தரைக்கு விரிக்க வேண்டிய தாழம்பாய்களை முடைந்து முடிக்கும் பொறுப்பு இந்த அம்மாவுடையது. கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்கு வந்தவர், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டே மீதிப் பாய்களை இங்கே முடைந்தார். சுருட்டிக் கட்டிய பாய்கள் பலாமரத்தடியில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கப்பல் போய்விட்டால் ஊரே வெறும் சிமெண்டுத் தரையில் முழங்காலிட வேண்டும்.

கெலேபிக்குக் கவலை அதுமட்டும் இல்லை. அவன் தன் மனைவி அத்தேதாவைப் பெற்றவர்களிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் இல்லை. தலைநகரமான சுவாவில் நர்ஸ் படிப்புக்கு வந்த பெண்ணை ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிக்கொண்டு வந்தவன். பெரியவர்கள் போய்ச் சமாதானம் பேசினார்கள், ஒப்புதலும் ஆயிற்று. ஆனால் மனைவியின் தீவில் அவன் இதுவரை கால் வைத்ததில்லை. வா என்று அங்கிருந்து யாரும் கூப்பிடவில்லை; கூப்பிடாமல் போக இவனுக்குத் தைரியமில்லை.

"அந்தத் தீவுல எனக்கு இருக்கிற பேரு ஒண்ணுதான், பாக்கியம் அக்கா. பொண்ணத் தூக்கிட்டுப் போனவன்," என்றான். "இப்ப கோயில் பாயையும் போக விடாம பண்ணினவன்னு சேர்த்துக்குவாங்க. சாகுற வரைக்கும் அங்க நான் தலை காட்ட முடியாது."

"டாக்ஸி கூப்பிடேன்."

"எந்த டாக்ஸி? இன்னைக்கு ஃபைனல்."

அதுவும் சரிதான். சுவா மைதானத்தில் ரக்பி இறுதி ஆட்டம். நவுசோரியில் அன்றைக்கு மீசை முளைத்த ஒரு ஆள் கிடையாது. முன்வரிசைத் தடியன்கள் பாட்டுப் பாடிக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறிவிட்டார்கள். அத்தேதா சுவா ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்தாள். பிள்ளைகள் சித்தப்பாவோடு ஆட்டம் பார்க்கப் போயிருந்தார்கள். தெருப் பெண்களெல்லாம் சனிக்கிழமை மார்க்கெட்டில்.

கெலேபி தன் மச்சான் முறைக்காரன் இசிரேலிக்குப் போன் போட்டான். கிளட்ச் மாற்றலாம் என்று முதலில் தூபம் போட்டவனே அவன்தான். போனில் மைதானத்துக் கூச்சல் எனக்கே கேட்டது.

"பிளேட்ட திருப்பி மாட்டியிருப்பே," என்றான் இசிரேலி. "பொண்டாட்டியையே பின்வாசல் வழியா கொண்டு வந்தவன்தானே நீ."

"அடேய், நீதான்டா மாட்டினே."

"அப்படின்னா சரியாத்தான் இருக்கும். வை, கிக் அடிக்கப் போறான்."

கெலேபி போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மிதிகட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். கையால் அமுக்கினான், விட்டான். மறுபடி அமுக்கினான். பிறகு எனக்கு விளக்கினான். பிளேட் திரும்பியிருந்தால் மிதி கல் மாதிரி இருக்கும், கியர்தான் விழாது. இது பஞ்சு மாதிரி போகிறது. மிதியிலிருந்து கியர்பாக்ஸ்வரை ஒரு குழாயில் எண்ணெய் ஓடுகிறது. மிதித்தால் அந்த எண்ணெய்தான் கிளட்சைத் தள்ளும். கியர்பாக்ஸை இறக்கும்போது குழாயைக் கழற்றினார்கள். திரும்ப மாட்டியவர்கள் உள்ளே புகுந்த காற்றை வெளியே எடுக்கவில்லை.

"யங்கோனாவுல இருந்தவன் எவனுக்குக் காத்து ஞாபகம் வரும்," என்றேன்.

"எடுத்துடலாம் அக்கா. சின்ன வேலை. ஒருத்தர் மேல உக்காந்து மிதிச்சுப் பிடிச்சுக்கணும். நான் அடியில படுத்து ஒரு திருகாணியத் திறப்பேன், காத்து வரும், மூடுவேன். மூடினதுக்கு அப்புறம்தான் காலை எடுக்கணும். முன்னாடியே எடுத்துட்டா போன காத்து திரும்பி உள்ள வந்துடும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் மாவுக்கட்டைப் பார்த்தோம். மிதிக்க வேண்டிய கால் அது. முயற்சி பண்ணாமல் இல்லை. டிரைவர் சீட்டில் ஏற்றிப் பார்த்தான், கட்டு ஸ்டீரிங்கில் மாட்டிக்கொண்டு என்னை இறக்குவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான். பலாமரத்தடியில் பாய்க்கட்டுகளுக்குப் பக்கத்தில், முதுகை எங்கள் பக்கம் திருப்பி உட்கார்ந்து டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவர்கள் குலத்தில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக் கூடாது. சண்டையில்லை, மரியாதை. லாவ் பக்கத்துப் பழைய ஆட்களிடம் அது இன்னும் கெட்டி. வாசேமதா இங்கே வந்து தங்கிய நாட்களில் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்து நான் பார்த்ததில்லை. இவன் முன்பக்கம் நுழைந்தால் அவர் பின்பக்கம் போவார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பதைக்கூட அத்தேதாவிடம் சொல்லி அனுப்புவான். அப்படிப்பட்டவரை உட்கார வைத்து, அவர் காலுக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு, மிதி, பிடி, எடு என்று ஏவுவதாவது.

"முடியாது அக்கா," என்றான் மெதுவாக. "கப்பல் போனா போகட்டும்."

பலாமரத்தடியிலிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்க்காமலே பேசினார். "பாக்கியம், அவன்கிட்ட சொல்லு. நான் வர்றேன். எந்தக் காலால மிதிக்கணும்னு கேளு."

இரண்டடி தூரத்தில் நின்றவனிடம் நான் திரும்பினேன். "எந்தக் காலாம்."

"இடது காலுன்னு சொல்லுங்க," என்றான் கெலேபி, தலையைக் குனிந்துகொண்டு. அவர் எழுந்து வருவதற்குள் பல்லி மாதிரி வேனுக்கு அடியில் போய்விட்டான்.

இப்படித்தான் நான் தபால்காரி ஆனேன். முக்காலி போட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி, டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்டீரிங் ஓரத்தில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. அது குறையக் குறையப் போத்தலிலிருந்து ஊற்றுவதும் என் வேலை. வாசேமதா பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறினார். காலை வைக்கப் போனவர் அப்படியே நின்றார்.

மிதிகட்டைகளுக்கு அடியில் ஒரு தாழம்பாய் கிடந்தது. ஓரத்தில் கலர் நூல் குஞ்சம் வைத்து நுணுக்கமாக முடைந்தது. நாலாக மடித்துப் போட்டிருந்தான்.

"இது நான் வந்த அன்னைக்கு அவங்களுக்குக் குடுத்த பாய் இல்ல?" என்றார். "தலையை வச்சுப் படுக்கக் குடுத்தேன். அதைக் கொண்டு வந்து காலடியில போட்டிருக்கானா? கேளு."

 கீழே குனிந்து, "தம்பி, பாய் எப்படி இங்க வந்துச்சுன்னு கேக்கறாங்க," என்று பூசி மெழுகிக் கேட்டேன். அவர் சொன்னது அவனுக்கு முழுதும் கேட்டிருந்தது என்பது வேறு விஷயம்.

கீழே ஸ்பேனரைத் தரையில் வைத்தான். பிறகு, "வீட்டுல நான் தூங்கத்தான் போறேன் அக்கா. பொழுதெல்லாம் இருக்கிறது இந்த சீட்டுலதான். அதான் நல்லதை இங்க போட்டேன்னு சொல்லுங்க. செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறுவேன்னும் சொல்லுங்க."

சொன்னேன். வாசேமதாவின் முகத்தைப் பார்த்தால் கோபம் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. குனிந்து பாயை எடுத்து, தட்டி, என் மடியில் வைத்தார்.

"இவ்வளவு தடிமன் கிடந்தா மிதி எப்படி அடிவரைக்கும் போகும்? புத்தியில்லையான்னு கேளு. இல்ல, கேக்காதே."

நான் கேட்கவில்லை. கீழே அவனே, "ஐயோ, ஆமா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நல்ல கிளட்சாக இருந்தாலே அந்தப் பாயோடு அது முழுசாக இறங்கியிருக்காது.

பிறகு காற்று எடுக்கும் வேலை ஆரம்பமாயிற்று. அதற்கு வேலை என்று பேர்.

"அக்கா, மிதிக்கச் சொல்லுங்க."

"அம்மா, மிதிக்கணுமாம்."

"மிதிச்சாச்சுன்னு சொல்லு."

"மிதிச்சாச்சாம்."

"அப்படியே பிடிச்சுக்கச் சொல்லுங்க. திறக்கிறேன்."

"பிடிச்சுக்கணுமாம், திறக்கிறானாம்."

"எவ்வளவு நேரம்னு கேளு. எனக்கு முட்டி வலிக்குது."

"எவ்வளவு நேரமாம். முட்டி வலியாம்."

"முட்டி வலியா? ராத்திரி எண்ணெய் தடவினாங்களா, கேளுங்க."

"எண்ணெய் தடவினீங்களான்னு கேக்கறான்."

"தடவினேன். அவன் வாங்கி வச்ச எண்ணெய் நல்லாயிருக்குன்னு சொல்லு," என்று வாசேமதா முட்டியை நீவிக் காட்டுவதற்காகக் காலை எடுத்தார். கீழே குளுக்கென்று ஒரு சத்தம். போன காற்றெல்லாம் வீடு திரும்பிவிட்டது.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

"பரவாயில்ல. நான்தான் மெதுவா மூடிட்டேன்னு சொல்லுங்க. அவங்க மேல தப்பில்ல."

இப்படியே போயிற்று. மரியாதை ஏற ஏறக் காற்றும் ஏறியது. ஒரு தடவை அவன் மூடு என்று சொல்லிக்கொண்டது எனக்கு எடு என்று சொன்ன மாதிரி பட்டு எடுக்கச் சொன்னேன். ஒரு தடவை அவர் கோயில் கதையைத் தொடங்கிவிட்டார். போத்தலில் எண்ணெய் அடிமட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. வேறு போத்தல் இல்லை, கடைக்காரனும் மைதானத்தில்.

"டேய், ஸ்பேனரால ஒரு தட்டுத் தட்டு. ஒரு தட்டுன்னா மிதி, ரெண்டு தட்டுன்னா எடு. பேச்சே வேணாம்," என்றேன்.

"பெரியவங்க காலுக்குக் கீழ இரும்பைத் தட்டி ஏவறதா? பன்னிக்குத் தீனி வைக்கத் தட்டற மாதிரியா?" என்றான். அடியில் படுத்திருப்பவனுக்கு ரோஷத்துக்குக் குறைச்சலில்லை. மேலே வாசேமதாவும் அதை ஆமோதித்துத் தலையை ஆட்டினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "கேட்டுக்குங்க ரெண்டு பேரும். எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. அவங்க சொல்றது உனக்குக் கேக்குது, நீ சொல்றது அவங்களுக்குக் கேக்குது. நேரா பேசித் தொலைங்க. கடவுள் கண்ணை மூடிக்குவார்."

சொல்லி முடிக்குமுன்னே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.  என் வீட்டுப் பூஜையறையில் எவளாவது செருப்போடு ஏறினால் எனக்கு எப்படியிருக்கும், அப்படி இருந்திருக்கும் அவர்களுக்கு. வாசேமதா கண்ணாடி வழியாகப் பாய்க்கட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் பண்ணிய கண்ணில் நீர் வழிந்தது. அது மருந்தாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது, அதையும் கோபம் மாதிரியே காட்டிக்கொண்டேன்.

அப்போது கீழே கெலேபி பாட ஆரம்பித்தான்.

அவனுக்குப் பயம் வந்தால் பாடுவான். அது தெருவுக்கே தெரியும். கோயில் பாட்டுக்குழுவில் அடிக்குரல் அவனுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழுந்து நின்று பாடுகிற பாட்டு ஒன்றை, தகரத்துக்கு அடியிலிருந்து, தனக்குள்ளே முனகுகிற மாதிரி எடுத்தான். இரண்டாவது வரி வருவதற்குள் மேலே சீட்டில் வாசேமதாவின் முதுகு நிமிர்ந்தது. அந்தத் தீவில் பாட்டுக்குழுவுக்குத் தலைவி அவர். ஒருவர் அடிக்குரல் கொடுத்து மேல்குரல் இல்லாமல் பாட்டு நொண்டுவதை அவரால் தாங்க முடியாது. வாயைத் திறந்தார்.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பாய் முடைகிற கிழவியின் உடம்பில் அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அவர்கள் தீவில் எந்தப் பாட்டையும் இழுத்துத்தான் பாடுவார்கள். கெலேபி கொஞ்சம் முந்தினான்; அவர் விடாமல் இழுத்தார்; அவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னால் வந்தான். வரி தொடங்கும்போது அவர் இடது கால் தாளத்துக்கு இறங்கியது. கடைசி எழுத்தை நீட்டும்வரை அமுங்கியே இருந்தது. மூச்சு வாங்கும்போது மேலே வந்தது. பழக்கத்தில் தாளம் போடுகிற கால். ஆனால் கால் இருந்தது கிளட்சின் மேல்.

நான் மூச்சுக் காட்டவில்லை. கீழே கெலேபியின் கண் முன்னால் ஒரு கம்பி அந்தத் தாளத்துக்கு நீண்டு, நின்று, சுருங்கியிருக்கிறது. புரிந்துகொண்டான். அடுத்த வரியில் அவர் நீட்டி நிறுத்திய இடத்தில் ஸ்பேனர் ஒரு கால் சுற்றுத் திரும்புவது கேட்டது, புஸ்ஸென்று காற்று வந்தது, அவர் மூச்சு வாங்குமுன் திரும்ப மூடியது.

ஒரு வரிக்கு ஒரு குமிழி. அவர் அவனோடு பேசவில்லை, அவன் அவரோடு பேசவில்லை. இரண்டு பேரும் கடவுளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பாடத் தெரியாதவள், எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தெருவில் சைக்கிளில் போன கோயில் பெரியவர் ஒருவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றார். என்னிடம் தாழ்ந்த குரலில், "யாரு போயிட்டாங்க?" என்றார்.

"யாரும் போகல ஐயா. வேனுக்கு வைத்தியம்."

அவர் யோசித்தார். நடுக்குரலுக்கு ஆளில்லை என்று பட்டிருக்க வேண்டும். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு அவரும் சேர்ந்துகொண்டார்.

பாட்டு முடியும்போது போத்தலில் ஒரு சொட்டு இல்லை. ஆமென் இழுத்தார்கள், அதிலும் ஒரு சின்னக் குமிழி வந்ததாம். வாசேமதா மிதியை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். "இப்ப எதிர்த்து நிக்குதுன்னு சொல்லு," என்றார். நான் வாயைத் திறக்குமுன் கெலேபி அடியிலிருந்து வெளியே வந்துவிட்டான், அவர் அந்தப் பக்கக் கதவு வழியாக இறங்கிவிட்டார். சாவியைத் திருப்பி, மிதித்து, கியரைத் தள்ளினான். சத்தமில்லாமல் விழுந்தது. அவன் கும்பிட்டான். யாரை என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

பாய்களை ஏற்றினோம். சைக்கிள்காரர் ஒரு முனை பிடித்தார். வாசேமதா பின்னால் பாய்களுக்கு நடுவில், நான் முன்னால். எனக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், இடையில் ஆளில்லாமல் அவர்கள் எப்படி ஒரே வண்டியில் போவது. புதுக் கிளட்ச் முரண்டு பிடித்தது. ஒவ்வொரு ரவுண்டானாவிலும் வண்டி ஒரு குதி குதித்து நின்றது. "மெதுவா விடச் சொல்லு," என்று பின்னாலிருந்து வரும், "மெதுவா விடணுமாம்," என்று நான் சொல்வேன், "சரிங்கன்னு சொல்லுங்க," என்று அவன் சொல்வான். சுவாவை நெருங்கியபோது ஆட்டம் முடிந்து ரோடெல்லாம் ஜனம். கொடியும் கையுமாக ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் நத்தையாகப் போனோம். நான் பாதிப் பேரைத் திட்டினேன்.

துறைமுகத்தில் கப்பல் பலகையை உள்ளே இழுத்துவிட்டார்கள். கயிறு ஒன்றுதான் மிச்சம். கெலேபி வேனைக் கரையின் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தினான். மாலுமிகளிடம் கத்திக்கொண்டே பாய்க்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வீசினான். "கோயில் பாய், கோயில் பாய்," என்று தளத்திலிருந்த பெண்களெல்லாம் எழுந்து வந்து வாங்கினார்கள். ஒன்றுகூடத் தண்ணீரில் விழவில்லை.

பாய் போய்விட்டது, வாசேமதா நின்றார். கப்பல் கரையிலிருந்து ஒரு எட்டுக்கு மேல் விலகியிருந்தது. மாலுமிகள் கையை நீட்டினார்கள், எட்டவில்லை. அறுபது தாண்டிய உடம்பு அதைத் தாண்டாது. யாராவது தூக்கிக் கொடுக்க வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். நான் என் மாவுக்கட்டைப் பார்த்தேன்.

பேசுவதே கூடாது என்றால் தொடுவது எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். கப்பல் ஊதியது.

"பாக்கியம்," என்றார் வாசேமதா, கப்பலைப் பார்த்தபடி. "தூக்கச் சொல்லு."

 "தூக்கச் சொல்றாங்கடா."

"எப்படி அக்கா?"

"எப்படின்னு கேக்கறான்."

"கையாலன்னு சொல்லு."

கெலேபி கிரீஸ் கையைச் சட்டையில் திரும்பத் திரும்பத் துடைத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். குனிந்து, ஞானஸ்நானத்துக்குக் குழந்தையை ஏந்துகிற மாதிரி அவரை இரண்டு கையிலும் ஏந்தி, கரை விளிம்பில் நின்று நீட்டினான். நான் பின்னாலிருந்து அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். நான்கு மாலுமிக் கைகள் அவரை வாங்கின. தளத்தில் இறக்கிவிட்டார்கள். கயிறு அவிழ்ந்தது.

அவர் பாவாடையை நீவிவிட்டு, தலைமயிரைச் சரிசெய்து, தீவுப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டில் கேட்ட அதே குரலில் கூப்பிட்டார்.

"பாக்கியம், அவன்கிட்ட சொல்லு. அவன் என்னைத் தொட்டுட்டான். இது சின்னத் தப்பில்ல. அடுத்த கப்பல்ல, மன்னிப்புக்குக் காணிக்கையா வைக்கிற திமிங்கிலப் பல்லோட எங்க தீவுக்கு வந்து, என் வீட்டு வாசல்ல சம்மணம் போட்டு உக்காந்து மன்னிப்புக் கேக்கணும். தனியா வரக் கூடாது. அத்தேதாவையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரணும். ஒரே நாள்ல மன்னிச்சிட மாட்டோம், அதையும் சொல்லு. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஆகும்."

தளத்துப் பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருப்பதற்குக் கஷ்டப்பட்டார்.

நான் கெலேபியிடம் திரும்பி ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவன் தலையைக் குனிந்து, அப்போதுதான் முதல் தடவை கேட்கிறவன் மாதிரி கேட்டான். தாடையில் கண்ணீர் சொட்டிற்று, கிரீஸோடு கலந்து கறுப்பாக.

"சரின்னு சொல்லுங்க அக்கா."

கப்பல் அதற்குள் தூரம் போய்விட்டது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கேட்டதோ இல்லையோ, கம்பியோரம் ஒரு கை உயர்ந்தது.

வேனுக்குத் திரும்பி, என் காலைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். சுற்றி வந்து சீட்டில் உட்கார்ந்தவன் சாவியைத் திருப்பவில்லை. இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப லேசா இருக்காங்க அக்கா," என்றான். "எனக்குத் தெரியாது."